பரமபதத்துக்கு எட்டே எழுத்து! ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு டாஸ் கேம் மெனு

'டேஞ்சரஸ் டேவ்' என்று சொன்னதும் உங்கள் வலது கை விரல்கள் தானாக அம்புக்குறி விசைகளைத் தேடுகின்றனவா? அப்படியானால் உங்களுக்கு எப்படியும் முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். 'அது யாருங்க டேவ்?' என்று கேட்கிறீர்களா? நீங்கள் என் கட்சி. வீட்டில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிவப்புத் தொப்பி, கோப்பை, அதை எடுத்தால்தான் கதவு திறக்கும் என்று அரை மணி நேரம் பேசுவார்கள்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் மவுஸ் கிடையாது, ஐகான் கிடையாது. கறுப்புத் திரை. அதன் மூலையில் 'சி' என்று ஒரு எழுத்து, பக்கத்தில் முக்காற்புள்ளி, ஒரு சாய்கோடு, மினுக்கிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான் வரவேற்பு. என்ன வேண்டுமோ அதை நாம்தான் தட்டிக் கேட்க வேண்டும். இதுதான் டாஸ். 1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்து, விண்டோஸ் 95 வந்து உட்காரும்வரை கோலோச்சிய இயங்குதளம். தமிழ்நாட்டில் பல பள்ளிக்கூட லேப்களில் அதற்குப் பிறகும் நிறைய வருடங்கள் ஓடியது.

அந்த டாஸ் ஆட்டங்களை ஒழுங்குபடுத்தி ஒரு மெனுவில் அடுக்கித் தர வேண்டும் என்றுதான் நான் ஸ்ரீரங்கம் போனேன். கூப்பிட்டது என் பெரியப்பா.

அவருடைய வீடு உத்திர வீதியில். முன்னறையில் முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான்கு டைப்ரைட்டர்களை விற்றுவிட்டு மூன்று கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டார். 'செருப்பை வெளியே விடவும்', 'வெளி ஃப்ளாப்பிகளுக்கு அனுமதி இல்லை' என்று இரண்டு போர்டுகள். முதலாவது தூசுக்காக, இரண்டாவது வைரஸுக்காக. கம்ப்யூட்டருக்கு வைரஸ் என்றதும், மாணவர்களின் அம்மாக்கள் பிள்ளைகளை மூக்கைப் பொத்திக்கொண்டு உட்காரச் சொன்னதாகப் பெரியப்பா இன்றும் சொல்வார். அது எவ்வளவு நிஜம் என்பது ரங்கநாதருக்கே வெளிச்சம்.

இப்போது அந்த வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். பங்காளிகள் பேசி முடித்துவிட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் தை பிறந்ததும் ஆற்றுக்குத் தெற்கே ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறார்கள். ஃப்ளாட்டில் பரண் கிடையாது. பரணில் இருந்த இரண்டு அட்டைப்பெட்டி ஃப்ளாப்பிகள்தான் பிரச்னை.

வீதிக்குள் வீதி

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் போனால் ஸ்ரீரங்கத்தில் இருட்டு விலகுவதற்குள் இறங்கிவிடலாம். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். அந்த நேரத்தில் வீதிகளில் இரண்டு சத்தங்கள்தான் கேட்கும். வாசல் தெளிக்கிற தண்ணீர்ச் சத்தம், பால் வண்டி மணி.

ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கத்தில் கோயில் ஊருக்கு நடுவில் இருக்கிறது என்று சொல்வதைவிட, ஊரே கோயிலுக்குள் இருக்கிறது என்று சொல்வதுதான் சரி. மொத்தம் ஏழு திருச்சுற்றுகள், 156 ஏக்கர், 21 கோபுரங்கள். வெளிச் சுற்றுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், காய்கறி விற்கிறார்கள், ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். சித்திரை வீதிக்குள் உத்திர வீதி, உத்திர வீதிக்குள் ரங்கவிலாசம், அதற்கும் உள்ளே இன்னும் இன்னும். டாஸில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போவதைப் பெரியப்பா இந்த ஊரை வைத்துத்தான் பாடம் நடத்துவாராம். ஒரு டைரக்டரிக்குள் நுழைய 'சிடி' என்று அடித்துப் பெயரைத் தர வேண்டும். திரும்பி வெளியே வர 'சிடி'யோடு இரண்டு புள்ளி. "பெருமாளைச் சேவிச்சுட்டு ராஜகோபுரம் வரணும்னா எத்தனை தடவை 'சிடி டாட் டாட்' அடிக்கணும், சொல்லு பார்ப்போம்" என்று கேட்பாராம். உள்ளூர்ப் பையன்கள் உடனே சொல்லிவிடுவார்கள். லால்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிற பையன்கள் விரலை விட்டு எண்ணுவார்கள்.

கம்ப்யூட்டரும் ஸ்ரீரங்கமும் என்றால் தமிழ் வாசகர்களுக்கு உடனே ஞாபகம் வருகிறவர் எழுத்தாளர் சுஜாதா. பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, பிறகு பெங்களூரு பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர். பெரியப்பா சென்டர் ஆரம்பித்ததற்கும் அவருடைய கம்ப்யூட்டர் கட்டுரைகளே காரணம். மற்றபடி நேரில் பார்த்ததில்லை. "தேர் அன்னிக்கு ஒரு தடவை தூரத்துல பார்த்தேன். அவர்தானான்னு இப்பவும் சந்தேகம்தான்" என்கிறார்.

பூஞ்சை பிடித்த சொத்து

அட்டைப்பெட்டிகளை இறக்கித் துடைத்தோம். இரண்டு வகை ஃப்ளாப்பிகள். ஐந்தேகால் அங்குல அகலத்தில் வளைகிற பெரியவை கொஞ்சம். மூன்றரை அங்குலத்தில் கெட்டி பிளாஸ்டிக் உறை போட்டவை நிறைய. சின்னதுதான் கெட்டிக்காரன், 1.44 எம்பி பிடிக்கும். இன்று நீங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புகிற ஒரு 'குட் மார்னிங்' படம் அதில் அடங்கினால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். நடுவில் தீவு. ஊர் முழுக்க ஈரக்காற்று. ஃப்ளாப்பிக்கு அது ஆகாது. உலோக மூடியை நகர்த்திப் பார்த்தால் பழுப்புத் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே டிரைவில் போட்டால் தட்டும் கீறிவிடும், டிரைவின் தலையும் அழுக்காகி அடுத்த தட்டையும் கெடுக்கும். பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு, தட்டை மெல்லச் சுழற்றிச் சுழற்றித் துடைக்க வேண்டும். யுஎஸ்பியில் செருகுகிற ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடிப்பிடித்து எடுத்துப் போயிருந்தேன். அது மூன்றரை அங்குலத்தை மட்டும்தான் படிக்கும். பெரிய ஃப்ளாப்பிகளுக்குப் பழைய டிரைவும் 'கிரீஸ்வீசில்' என்கிற தனி சர்க்யூட் போர்டும் வேண்டும். அவற்றை உலர்ந்த டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடி வைத்துவிட்டோம்.

ஆல்கஹால் தீர்ந்துபோனதால் இரண்டாம் நாள் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பாலம் தாண்டுவதை இன்றும் 'டவுனுக்குப் போறேன்' என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சத்திரம் பேருந்து நிலையம். அங்கிருந்து மெயின்கார்டு கேட் வழியாக நடந்தால் தெப்பக்குளம், என்எஸ்பி ரோடு, தலைக்கு மேலே மலைக்கோட்டை. கூடவே பழைய வட்ட முனை கீபோர்டை யுஎஸ்பியாக மாற்றுகிற முனையும் தேவைப்பட்டது. சிங்காரத்தோப்புப் பக்கம் இரண்டு கடைகளில் சிரித்தே அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் சிரிக்கவில்லை. பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். விலை கேட்டேன். "இதுக்கெல்லாம் விலை இருக்கா?" என்று கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு டீக்காசு வாங்கிக்கொண்டார்.

எமுலேட்டர் என்ன செய்கிறது?

ஃப்ளாப்பியிலிருந்து ஆட்டத்தை எடுத்துவிட்டால் மட்டும் அது இன்றைய கம்ப்யூட்டரில் ஓடாது. பழைய மெஷின் ஒன்று எதிரில் இருப்பதாக அந்த ஆட்டத்தை நம்பவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிற மென்பொருள்தான் எமுலேட்டர். டாஸுக்கு 'டாஸ்பாக்ஸ்'. 2002-லிருந்து இருக்கிறது, இலவசம். பழைய பிராசஸர், பழைய திரை, பழைய சவுண்ட் பிளாஸ்டர் கார்டு எல்லாமாகவும் அதுவே வேஷம் கட்டும்.

இதில் வேகம்தான் பெரிய தலைவலி. பழைய ஆட்டங்கள் பல கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. பிராசஸர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும். இன்றைய மெஷினில் அப்படியே விட்டால் கண் சிமிட்டுவதற்குள் நாம் செத்திருப்போம். டாஸ்பாக்ஸில் 'சைக்கிள்ஸ்' என்று ஓர் எண் உண்டு. அதைக் குறைத்தால் ஆட்டம் நிதானமாகும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒவ்வோர் எண். இதை என்னால் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் அசல் வேகம் எனக்குத் தெரியாது. பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் குறை... ம்... அவ்வளவுதான், இதான்" என்று சொல்லச் சொல்ல நான் எண்ணைக் குறித்துக்கொண்டேன். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல.

டாஸ்பாக்ஸை நேரடியாக இயக்க அதே பழைய கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளும் பெரியம்மாவும் பயன்படுத்த வேண்டும் என்றால் மேலே ஓர் அழகான மெனு தேவை. பெங்களூரில் இருக்கிற அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், 'படோசெரா' என்கிற இலவச லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்பியிருந்தான். பழைய கம்ப்யூட்டரில் அதைச் செருகி ஆன் செய்தால் நேராக மெனுவில் போய் நிற்கும். ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் 'ரெட்ரோபை' போடுவார்கள். இரண்டிலும் முகப்பு 'எமுலேஷன்ஸ்டேஷன்' வகைதான்.

கேட்ரிட்ஜ் ஆட்டங்களை இந்த மெனுவில் அடுக்குவது சுலபம். ஓர் ஆட்டம் என்றால் ஒரே ஃபைல், முடிந்தது. டாஸ் ஆட்டம் அப்படி இல்லை. ஒரு ஃபோல்டர் நிறைய ஃபைல்கள் கிடக்கும். எதை ஓட்டினால் ஆட்டம் வரும், எதை ஓட்டினால் சவுண்ட் கார்டு செட்டிங் வரும் என்று மெனுவுக்குத் தெரியாது. ஆகவே படோசெராவில் ஒவ்வோர் ஆட்டத்தின் ஃபோல்டர் பெயருக்குப் பின்னும் ஒரு புள்ளி போட்டு 'பிசி' என்று சேர்க்க வேண்டும். உள்ளே ஒரு குட்டி பேட்ச் ஃபைல் எழுதி, எதை ஓட்ட வேண்டும் என்று அதில் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் முழு ஃபோல்டரும் மெனுவில் ஒரே வரியாகத் தெரியும்.

அடுத்தது பெயர். டாஸில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து. அதற்கு மேல் ஓர் எழுத்துகூடத் தராது. அதனால் ஃப்ளாப்பி முழுக்கப் பாதி வெட்டிய பெயர்கள். படத்தையும் விவரத்தையும் இணையத்திலிருந்து தானாக எடுத்து ஒட்டும் வசதி படோசெராவில் உண்டு. ஆனால் அரைப் பெயரை வைத்து அது தேடினால் வேறு ஏதோ ஆட்டத்தின் அட்டைப்படத்தைக் கொண்டு வந்து ஒட்டும். முழுப் பெயரைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது.

தமிழில் பெயர் வைக்கலாமே என்று பெரியம்மா கேட்டார். வைத்துப் பார்த்தோம். மெனு எழுத்துகளை ஒவ்வொன்றாகத்தான் வரைகிறது, சேர்த்து வரையத் தெரியவில்லை. முன்னால் நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. பெரியம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது தமிழ் மாதிரி இருக்கு, தமிழ் இல்ல" என்றார். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஆட்டத்தின் லோகோவுக்கென மெனுவில் ஒரு படம் வைக்கலாம். மொபைலில் தமிழில் பெயர் எழுதி, அதையே படமாக்கி அங்கே வைத்துவிட்டோம். படத்தில் கொம்பு ஒழுங்காக நிற்கிறது.

மூன்று அலமாரி

இனி அடுக்குகிற வேலை. அண்ணன் அனுப்பிய பென்டிரைவில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருந்தன. அகர வரிசையில் அடுக்கியிருந்தான். நான் ஒரு மாலை முழுக்க உருட்டிக்கொண்டே இருந்தேன். ஓர் ஆட்டமும் ஆடவில்லை. இரவு ஓடிடியில் எந்தப் படம் பார்ப்பது என்று தேடித் தேடியே தூங்கிப் போவோமே, அதே கதை. என்னைக் கேட்டால், வீட்டு மெனுவில் ஐம்பதுக்கு மேல் போகவே கூடாது. நிறைய வேண்டும் என்கிறவர்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது. 2015 ஜனவரியில் சுமார் 2,400 டாஸ் ஆட்டங்களைப் பிரவுசரிலேயே ஆடும்படி அவர்கள் திறந்துவிட்டார்கள்.

பெரியப்பா அண்ணனின் பென்டிரைவைத் தொடவே விடவில்லை. "நம்ம சென்டர்ல இருந்தது மட்டும் போதும்" என்றார். எப்படிப் பிரிக்கலாம்? வருடப்படி, கம்பெனிப்படி, சண்டை, புதிர், கார் என்று வகைப்படி என்றெல்லாம் நான் அடுக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு, தன் சென்டர் எப்படி இருந்ததோ அப்படி மூன்றாகப் பிரித்தார்.

முதல் அலமாரி, 'கறுப்பு மெஷின்'. அது 286. திரையில் ஆரஞ்சு நிறம் மட்டும்தான். அதில் 'டிக்கர்', 'பாராட்ரூப்பர்', 'ஆலி கேட்'. கலர்த் திரைக்காக எழுதிய இந்த ஆட்டங்களை அந்த மெஷினில் ஓட்ட, 'சிம்சிஜிஏ' என்கிற சின்ன புரோகிராமை முதலில் ஓட்ட வேண்டுமாம். சென்டரில் படித்த எல்லோருக்கும் அது மந்திரம் மாதிரி மனப்பாடம். இன்று கலரிலேயே ஆடலாம். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. டாஸ்பாக்ஸில் திரை வகையை 'ஹெர்குலஸ்' என்று மாற்றி, எஃப்11 விசையைத் தட்டித் தட்டி அந்த ஆரஞ்சைக் கொண்டு வரச் செய்தார்.

இரண்டாவது, 'கலர் மெஷின்'. இதற்குத்தான் அடிதடி. 'டேவ்', 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', 'கமாண்டர் கீன்', 1992-ல் வந்த 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி', 1993 டிசம்பரில் வந்த 'டூம்'. 'பிரின்ஸ்' ஆட்டத்தில் முதல் கட்டம் தாண்டியதும் ஓர் அறை வரும். தரையெல்லாம் மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. விளையாட்டோடு வந்த புத்தகத்தில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதலெழுத்து எது என்று கேட்கும். காசு கொடுத்து வாங்கியவர்களிடம்தான் அந்தப் புத்தகம் இருக்கும். நம் ஊரில் அது எத்தனை பேரிடம் இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். குடித்துப் பார்த்து, செத்துப் பார்த்து, சரியான எழுத்துகளை மாணவர்களே ஒரு தாளில் சேர்த்து மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். ஃப்ளாப்பிப் பெட்டியில் அந்தத் தாளும் இருந்தது. அதை போட்டோ எடுத்து, மெனுவில் அந்த ஆட்டத்துக்கு அட்டைப்படமாக வைத்துவிட்டேன். கம்பெனியின் அட்டைப்படத்தைவிட அது நன்றாக இருக்கிறது.

'ஸ்கைரோட்ஸ்' என்று ஒன்று, 1993-ல் வந்தது. வானத்தில் தொங்கும் பாதையில் குட்டி விண்கலத்தை ஓட்டுவது. எஸ்டோனிய நாட்டு இளைஞர்கள் எழுதியது. அதே ஆட்கள்தான் பத்து வருடம் கழித்து ஸ்கைப் உருவாவதற்கு நிரல் எழுதினார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு ஸ்கைப்பில் பேசிய தாத்தா பாட்டிகள் எத்தனை பேர் நம் ஊரில்!

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் பழசாகிவிட்டது என்பதற்காக அதன் உரிமை காலாவதியாகிவிடாது. 'ஸ்கைரோட்ஸ்', 'டைரியன்' போன்றவற்றை அவற்றுக்குச் சொந்தக்காரர்களே இலவசமாக விட்டுவிட்டார்கள். 'கீன்', 'வுல்ஃபென்ஸ்டைன்', 'டூம்' மூன்றுக்கும் முதல் பாகம் ஷேர்வேர். இஷ்டப்பட்டவருக்கு நகலெடுத்துக் கொடுங்கள் என்று சொல்லியே வெளியிட்டார்கள். இன்னும் சிலவற்றை 'காக்' போன்ற தளங்களில் டாஸ்பாக்ஸோடு சேர்த்தே விற்கிறார்கள். மெனு கட்டுகிறவர்கள் அங்கே வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்றாவது அலமாரியின் பெயர், 'நம்ம பசங்க'.

ஏணி இல்லாத பரமபதம்

'டேவ்' உலகம் முழுக்க இருக்கிறது. இந்தப் பெட்டியை எரித்தாலும் டேவுக்கு ஒன்றும் ஆகாது. பெரியப்பாவுக்கு அது தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டதே இந்த மூன்றாவது அலமாரிக்காகத்தான் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது.

1991-ல் எம்எஸ்-டாஸ் ஐந்தாம் பதிப்போடு 'க்யூபேசிக்' என்ற நிரல்மொழி இலவசமாக வந்தது. கூடவே குரங்குகள் வாழைப்பழம் எறிந்துகொள்ளும் 'கொரில்லா' ஆட்டமும். அதன் நிரலைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சென்டர் மாணவர்கள் தாங்களும் எழுதத் தொடங்கினார்கள். பதினான்கு குழிகளோடு ஒரு பல்லாங்குழி இருக்கிறது. நான்கு காய் சேர்ந்ததும் 'பசு' என்று ஆங்கில எழுத்தில் காட்டிவிட்டு 'பீப்' அடிக்கும். ஆடு புலி ஆட்டம் ஒன்று பாதியில் நிற்கிறது. புலி நகர்கிறது, ஆடு நகரவில்லை. இவை உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. இந்தத் தட்டுகளில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஒரு தட்டின் லேபிளில் பேனாவில் 'மாலை 6 பேட்ச், மார்கழி 96' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. உள்ளே ஒரே ஃபைல். பரமபதம். ஆங்கிலத்தில் அடித்தால் எட்டு எழுத்துக்குள் 'பரமப' வரைதான் வரும். 'தம்' வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் மார்கழி என்றால் வைகுண்ட ஏகாதசி. அன்று விடியற்காலை பரமபத வாசல் திறக்கும். அதற்கு இரவெல்லாம் கண்விழிக்க வேண்டும். விழித்திருக்க வீட்டுக்கு வீடு தாயக்கட்டையோடு பரமபத படத்தை விரிப்பார்கள். அந்த வருடம் சென்டரில் ஒரு பையன் அதைத் திரையில் விரித்திருக்கிறான். பதினைந்து, பதினாறு வயது இருக்கும் என்கிறார் பெரியப்பா. முகம் ஞாபகம் இருக்கிறது, சைக்கிள்கூட ஞாபகம் இருக்கிறது, பெயர் வரவில்லை.

தட்டைப் படிக்கும்போது டிரைவ் 'கிர்ர்' என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முனகியது. பழுதான தட்டிலிருந்து முடிந்தவரை எடுக்கிற 'டிடிரெஸ்க்யூ' என்ற மென்பொருளை ஓட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது ஒரே ஒரு செக்டர் தவிர எல்லாம் கிடைத்திருந்தது. ஒரு செக்டர் என்பது 512 எழுத்துகள். நல்லவேளையாக க்யூபேசிக் தன் நிரலைச் சாதாரண எழுத்தாகவே சேமிக்கும். அதனால் மீதியைப் படிக்க முடிந்தது.

படித்தோம். பாம்புகள் எந்தக் கட்டத்தில் தொடங்கி எந்தக் கட்டத்தில் முடிகின்றன என்ற வரிகள் அப்படியே இருந்தன. அதற்கு அடுத்த வரிகளில் ஏணிகள் இருந்திருக்க வேண்டும். அங்கேதான் ஓட்டை. ஓட்டினால் 'டேட்டா தீர்ந்துவிட்டது' என்ற பொருளில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பாம்பெல்லாம் இருக்கிறது, ஒரு ஏணிகூட இல்லை.

பெரியப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நான் நிரலை இன்னும் கொஞ்சம் மேய்ந்தேன். பாம்பு கடித்தால் சத்தம் உச்சியிலிருந்து கீழே சறுக்குகிற மாதிரி ஒரு சுற்று எழுதியிருக்கிறான். கேட்கவே சிரிப்பு வரும். இன்னொன்றையும் கவனித்தேன். பகடையைக் குலுக்குவதற்கு முன் 'ரேண்டமைஸ்' என்று ஒரு கட்டளை தர வேண்டும். அது இல்லாவிட்டால் க்யூபேசிக் ஒவ்வொரு முறையும் அதே எண்களை அதே வரிசையில்தான் தரும். இந்தப் பையன் தரவில்லை. ஆகவே ஆட்டத்தை எப்போது தொடங்கினாலும் முதல் வீச்சு ஐந்து. பிறகு நான்கு, நான்கு, இரண்டு, இரண்டு. தெரியாமல் விட்டானா, தான் ஜெயிப்பதற்காக வேண்டுமென்றே விட்டானா? பெரியப்பா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "அவன் எப்பவும் நான் ரெண்டாவது ஆடுறேன்னுதான் சொல்லுவான்" என்றார்.

ஏணிகளை என்ன செய்வது? நாமே நாலைந்து ஏணிகளைப் போட்டுவிட்டால் ஆட்டம் ஓடிவிடும், ஐந்து நிமிட வேலை. அண்ணனும் போனில் அதைத்தான் சொன்னான். பெரியப்பா பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றார்.

கோயிலுக்குள் போனோம். இந்தக் கோயிலின் கல்வெட்டுகளுக்கென்றே தொல்லியல் துறை தன் வரிசையில் ஒரு முழுத் தொகுதியை, 24-ம் தொகுதியை, ஒதுக்கியிருக்கிறது. சுவர் ஓரமாக நடந்து, எழுத்து தேய்ந்துபோன ஓர் இடத்தில் நின்றார். படித்துப் பதிப்பிக்கிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் தாங்களாக எழுத்தைப் போட்டுவிட மாட்டார்கள். புள்ளி வைப்பார்கள். யூகித்ததை அடைப்புக்குள் தனியாகக் காட்டுவார்கள். எது கல்லில் இருந்தது, எது பதிப்பாசிரியர் சொல்வது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். இவ்வளவையும் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் எங்கே படித்தார் என்று கேட்டேன். சென்டரில் அந்த நாளில் ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸ் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாராம்.

வெளியே வரும்போது ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம். 236 அடி. விஜயநகர காலத்தில் தொடங்கிப் பாதியில் நின்றது, 1987-ல்தான் முடிந்தது. பெரியப்பாவுக்கு அந்தக் குடமுழுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன் அந்த இடம் மொட்டையாக எப்படி இருந்தது என்பதும்.

பக்கத்துக் கடையில் ஒரு பரமபத படம் வாங்கினோம். வீட்டுக்கு வந்து இரண்டு ஃபோல்டர் போட்டேன். ஒன்றில் தட்டில் கிடைத்தது கிடைத்தபடி, ஓட்டையோடு. மெனுவில் அதைத் தொட்டால் நிரல் மட்டும் திறக்கும், ஆட்டம் ஓடாது. இன்னொன்றில், கடையில் வாங்கிய படத்தைப் பார்த்துப் போட்ட ஏணிகளோடு ஓடுகிற ஆட்டம். மெனுவில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் விவரம் எழுத ஓர் இடம் உண்டு. அதில் பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்: 'ஏணிகள் நாங்கள் வைத்தவை.' அந்த வரியையும் கொம்பு கோணிப் போகாமல் படமாகத்தான் வைத்திருக்கிறோம்.

எதிர்வீட்டுக் குழந்தைகள் இருவர் வந்து ஆடினார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே, "அங்கிள், இதுல எப்பவும் ஃபர்ஸ்ட் அஞ்சுதான் விழுது" என்று பெரியவள் கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாவது ஆட்டத்தில், தான் இரண்டாவதாக ஆடுவதாகச் சொன்னாள்.

மெனுவில் இன்னோர் இடம் காலியாக இருக்கிறது. 'உருவாக்கியவர்' என்ற கட்டம். 'டேவ்' ஆட்டத்துக்கு அங்கே ஜான் ரொமேரோ, 'பிரின்ஸ்' ஆட்டத்துக்கு ஜோர்டன் மெக்னர். பரமபதத்துக்கு ஒன்றும் இல்லை. 1996-ல் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில், செருப்பை வெளியே விட்டுவிட்டு, மாலை ஆறு மணி வகுப்பில் கலர் மெஷினில் உட்கார்ந்து பரமபதம் எழுதியவர் நீங்களாக இருந்தால், அல்லது அவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டும். ஏணிகள் எந்தெந்தக் கட்டத்தில் இருந்தன என்பது ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். பெரியப்பா தை பிறக்கிறவரை பழைய வீட்டில்தான் இருப்பார்.